வலமாக வெட்டிய புல்

கழுத்து பின்னால் திரும்பியே இருக்கிறது, வண்டி முன்னால் போகிறது, நான் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மூன்று இரும்பு உருளைகள் டிராக்டரின் வாலைப் பிடித்துக்கொண்டு கிறுகிறுவென்று சுழன்று வருகின்றன, அவற்றின் முறுக்கிய கத்திகளுக்கு இடையில் போன புல் கத்தரியில் அகப்பட்ட நூல் போல ஒரே மட்டத்தில் துண்டாகி, வெட்டுப்பட்ட இடத்திலேயே தூளாக உதிர்ந்துவிடுகிறது, பச்சைக்குள் இன்னொரு பச்சை, கொஞ்சம் வெளிறியது, அகலமான பட்டையாக எனக்குப் பின்னால் நீண்டுகொண்டே வருகிறது, இது எந்த வருடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, இருபத்தாறு வருடமும் இப்படித்தான், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் கிரிக்கெட் மைதானம், காலை ஒன்பது மணி, பனி உலர்ந்திருக்கிறது, உலராமல் வெட்டினால் ஈரப்புல் வளைந்து படுத்துக் கத்திக்குத் தப்பிவிடும், மத்தியானம் எழுந்து நின்று என்னைக் கேலி செய்யும், முதல் கியர்தான், அதற்கு மேல் போட்டால் உருளைகள் குதிக்கும், குதித்த இடமெல்லாம் அலை அலையாகத் தெரியும், டிராக்டருக்கு என்னைவிடப் பத்து வயதுதான் குறைவு, புகையை மூஞ்சியில் அடிக்கும், இடுப்பை முறித்துப் போடும், ஆனால் அதன் எடையில் ஒரு நிதானம் இருந்தது, மேடு பள்ளத்தைப் பார்த்துப் பதறாது. மயிலாத்தாள் கேட்கிறாள், என் மனைவி, அவள் போய் நாலு வருடம் ஆகிறது, இருந்தாலும் கேட்கிறாள், ஏனுங்க, முன்னால பாக்காம ஓட்டுறீங்களே, எதுலயாச்சும் போயி முட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க, முட்டறதுக்கு அங்க என்ன புள்ள இருக்குது, நடுவால பிட்ச்சு, சுத்தியும் கவுறு, அதுக்கு உள்ளார நானு, வேற யாரு வர்றா என்று சொல்லிக்கொண்டே நான் சுற்றுகிறேன், வலமாக.

வலமாகத்தான் சுற்றுவேன், நடுவை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, கோயிலில் சுற்றுவது போல, வருடா வருடம் முதல் ஆட்டத்துக்கு முன்னால் பிட்ச்சுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைப்பார்கள், பூசை போட்ட இடத்தை இடமாகச் சுற்றலாமா என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேட்டு வைத்தேன், அன்றையிலிருந்து அது மைதானத்தின் சட்டமாகிவிட்டது, எங்கேயும் எழுதிவைத்ததில்லை, ஆனால் தண்ணீர் தெளிப்பவரும் வலம், சுண்ணாம்புக் கோடு போடுபவரும் வலம், ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்க ஓடும் பையன்கள்கூட வலம், இத்தனை வருடம் ஒரே திசையில் உருண்ட பாரத்தில் புல்லும் அந்தப் பக்கமே சாய்ந்து வளரப் பழகிவிட்டது, எல்லைக் கயிற்றுக்குப் போகிற பந்து கடைசி நாலு அடியில் கொஞ்சம் ஒதுங்கும், வெளியூர் ஆட்கள் நேராகக் குனிந்து கையை வைப்பார்கள், பந்து விரலுக்குப் பக்கத்தால் போய்விடும், எங்கள் மில் ஆட்கள் ஒரு சாண் தள்ளிக் குனிவார்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும், நான் ஆடாத ஆட்டத்தில் நானும் ஒரு ஆளாக ஆடிக்கொண்டிருந்தேன் அல்லவா.

அந்தச் சிரிப்போடுதான் ஐம்பத்தெட்டு வயதாகி மில்லிலிருந்து ஓய்வு பெற்றேன், அதற்குப் பிறகும் மைதானச் செயலாளர் வரதராஜுலு சார் வாங்க என்று சொன்னதால் போய்வந்துகொண்டிருக்கிறேன், அப்போதுதான் மிஷின் வருகிறது, லாரியிலிருந்து பலகை வைத்து இறக்குகிறார்கள், உட்கார்ந்து ஓட்டுகிற புது மிஷின், ஆரஞ்சு நிறம், இருக்கையில் ஸ்பிரிங், முழங்கைக்குத் தலகாணி, கத்தி பின்னால் இல்லை, வயிற்றுக்கடியில் மிக்சி பிளேடு மாதிரி படுத்துச் சுழல்கிறது, புல் எத்தனை உயரம் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு குச்சி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டுக் குறிகள், டிராக்டரில் அதற்கு நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அரை நாள் படுத்துக்கிடப்பேன், பொறாமைப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஆசைதான் வந்தது, அந்தக் குச்சியை நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். என்னுங்கண்ணா, குழந்த கணக்கா வெளையாடறீங்க என்று சிரித்தபடி வந்து நின்றாள் சாந்தாமணி, மிஷினை ஓட்ட வந்தவள், நாற்பது வயது இருக்கும், அதற்கு முன்னால் பேரூராட்சியில் குப்பை வண்டி ஓட்டியவள், புருஷன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான், மகள் பத்தாவது படிக்கிறாள், ஒரு மாதம் மிஷினை ஓட்டிப் பார்ப்பது, வெட்டு பிடித்திருந்தால் மிஷினும் நிரந்தரம் சாந்தாமணியும் நிரந்தரம், பிடிக்காவிட்டால் மிஷின் திரும்பிப் போகும், அவளும் போவாள், நான் டிராக்டரோடு இருப்பேன், சார் இதை எங்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார், ஒளிவுமறைவு இல்லாத மனிதர். அவர் போன பிறகு சாந்தாமணி என்னிடம் கேட்டாள், இந்த மைதானத்துல எப்பிடிங்கண்ணா வழக்கம், எங்கிருந்து ஆரம்பிக்கறது, நான் சொன்னேன், கவுத்தோரத்துல ஆரம்பிச்சு உள்ளாரப் போவோணும், வலமாத்தான் சுத்தோணும் அம்மிணி, எடமாச் சுத்துனா ஆகாது, குத்தமாயிரும், அது பூச போட்ட எடம், புள்ளகுட்டிக்காரி, பாத்துக்க. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நான் வேண்டுமென்றே சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன், இதை இன்னும் எத்தனை பேரிடம் சொல்லித் தீர்க்கப் போகிறேனோ.

மிஷின் வலமாகச் சுற்றுகிறது, சாந்தாமணி நேராக முன்னால் பார்த்து ஓட்டுகிறாள், வேப்பமர நிழலில் நின்று நான் பார்க்கிறேன், முதல் இரண்டு சுற்று அழகுதான், மூன்றாவதிலிருந்து மிஷினின் குரல் மாறுகிறது, இழுத்துப் பிடித்து முனகுகிறது, நாலாவதில் வெட்டின புல் பச்சை உருண்டைகளாக, மாடு போட்டுவிட்டுப் போனது மாதிரி அங்கங்கே விழுகிறது, ஐந்தாவதில் அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது, சாந்தாமணி இறங்கிக் குச்சியால் நோண்டுகிறாள், மறுபடி ஏறுகிறாள், மறுபடி அடைக்கிறது, இரண்டு நாள் கழித்து அந்த உருண்டைகளை எடுத்துப் பார்த்தால் அடியில் புல் மஞ்சளாக வெந்து கிடக்கிறது, வாரத்துக்கு வாரம் மைதானத்துக்குத் தேமல் விழுந்த மாதிரி ஆகிறது, இறக்கிவிட்ட கம்பெனி ஆள் ஒரு நாள் வந்து கத்தியைப் பார்த்தான், பெல்ட்டைப் பார்த்தான், எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது, உங்க புல்லுதான் அப்பிடி என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான், அவன் மிஷினைப் பார்த்தானே தவிர ஓட்டுவதைப் பார்க்கவில்லை. சாந்தாமணி உருண்டைகளைக் கூடையில் அள்ளினாள், அள்ள அள்ள அவள் முகம் சுண்டிப்போயிற்று, நாலாவது வாரம் புதன்கிழமை வரதராஜுலு சார் வந்து நின்று பார்த்தார், பழசு பழசுதான் ட்ரைவர், சனிக்கிழமை காலையில மிஷினை ஏத்தி அனுப்பிரலாம், அந்தம்மாவுக்கும் சொல்லிருங்க என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், டிராக்டரின் பானட்டை ஒரு தட்டுத் தட்டினேன், வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ திராட்சைகூட வாங்கினேன், தனியாக இருப்பவனுக்கு அரைக் கிலோ திராட்சை எதற்கு என்று தோன்றியது சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

வியாழக்கிழமை அவளிடம் சொன்னேன், அவள் சரிங்கண்ணா என்றாள், கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு சம்பளம் வாங்கற வேல எனக்கு இதுதானுங்க மொதலு, எம்பொண்ணு ஸ்கூல்ல பாரத்துல எழுதிக் குடுத்துட்டா, அம்மா மில்லுல வேல பாக்கறாங்கன்னு, என்றாள், அழவில்லை, அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அவள் போன பிறகு நான் மைதானத்தில் சும்மா நடந்தேன், எதைத் தேடினேன் என்று தெரியவில்லை, உருண்டைகளை எண்ணுவது போல நடந்தேன், தேமல், தேமல், தேமல், ஷெட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டேன், அங்கே முப்பது அடி நீளத்துக்கு ஒரு பட்டை, ஒரு உருண்டை இல்லை, ஒரு மஞ்சள் இல்லை, சீவி விட்ட தலை மாதிரி கிடந்தது, அதே மிஷின், அதே பெண், அதே புல், இங்கே மட்டும் என்ன வந்தது என்று குந்தி உட்கார்ந்துவிட்டேன். சட்டைப் பையில் துணியில் இழை எண்ணும் சின்னப் பூதக்கண்ணாடி எப்போதும் இருக்கும், மில்லில் நெசவுப் பிரிவுக்காரர் ஒருவர் கொடுத்தது, அதை வைத்துப் புல் நுனியைப் பார்த்தேன், தேமல் பக்கத்து நுனி இரண்டு மூன்று தடவை கடிபட்டு நார் நாராகப் பிய்ந்திருந்தது, இந்தப் பட்டையில் ஒரே வெட்டு, டிராக்டர் வெட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு, பழசு புதுசு என்று இத்தனை நாள் நாங்கள் பேசியதெல்லாம் என்ன பேச்சு என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. எப்போது வெட்டினாள் இதை, திங்கட்கிழமை மகளுக்குப் பள்ளியில் கூட்டம் என்று அவசரமாக ஷெட்டுக்குத் திரும்பினாள், முழுச் சுற்று சுற்றாமல் பாதியில் திருப்பி, வெட்டாத ஓரத்தை வெட்டிக்கொண்டே வந்தாள், இடமாக.

எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு வலக்கையை நீட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன், யாராவது பார்த்திருந்தால் கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றிருப்பார்கள், மிஷினின் வாய் வலப்பக்கம் இருக்கிறது, வெட்டின புல்லை வலப்பக்கம் துப்புகிறது, வலமாகச் சுற்றினால் வலப்பக்கம் நடு, அங்கே இன்னும் வெட்டாத புல் நிற்கிறது, அதன் தலையிலேயே துப்புகிறது, அடுத்த சுற்றில் அதையும் சேர்த்து வெட்டி இன்னும் உள்ளே துப்புகிறது, சுற்றுக்குச் சுற்று பாரம் ஏறி, தொண்டை அடைத்து, கக்குகிறது, இடமாகச் சுற்றினால் வலப்பக்கம் வெளிப்பக்கம், வெட்டி முடித்த இடம், தூள் அங்கே விழுந்து காய்ந்து காணாமல் போய்விடும், இவ்வளவுதான், டிராக்டரின் உருளை எந்தப் பக்கமும் துப்புவதில்லை, அதற்கு வலமும் ஒன்றுதான் இடமும் ஒன்றுதான், அதனால் என் சட்டம் இருபத்தாறு வருடம் யாரையும் கடிக்கவில்லை. கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான், மிஷின் தங்கினால் அவள் தங்குவாள், டிராக்டர் தங்கினால் நான், வாயைத் திறக்காமல் இருந்தால் சனிக்கிழமை தானாக முடிந்துவிடும், நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இடமாகச் சுற்றாமலே ஏதாவது வழி உண்டா என்றும் யோசித்தேன், நடுவில் ஆரம்பித்து வலமாகவே வெளியே வந்தால், தூள் வெட்டின பக்கம்தான் விழும், ஆனால் முதல் சுற்றுத் தூள் முழுக்கப் பிட்ச்சின் மேல் போய் விழுமே, உருட்டி உருட்டிக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பவர்கள் என்னை உதைப்பார்கள், ஆக இடம்தான், வேறு வழி இல்லை, இடம் என்று நினைத்ததுமே கழற்றிய செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். பூசை போட்ட இடம் என்பதெல்லாம் ஆரம்பத்தில் சொன்ன காரணம், நாலு வருடமாக எனக்கு வேறு காரணம் இருந்தது, நான் ஒரே ஒரு தடவைதான் ஒன்றை இடமாகச் சுற்றியிருக்கிறேன், நொய்யல் கரையில், எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் தோளில் குடத்தை நான்தான் சுமந்தேன், மயிலாத்தாளை இடமாக மூன்று சுற்று சுற்றினேன், சுற்றுக்கு ஒரு ஓட்டை போட்டார்கள், தண்ணீர் முதுகில் வழிந்தது, அவ்வளவு குளிர்ந்த தண்ணீர், அதற்குப் பிறகு ஊரில் மந்தையைச் சுற்றிப் போவதென்றாலும் வலமாகத்தான் போவேன், ஐந்து நிமிடம் அதிகமானாலும்.

சனிக்கிழமை காலை லாரி வந்து நிற்கிறது, பலகை போட்டாகிவிட்டது, சாந்தாமணி கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், யாருக்காக என்று தெரியவில்லை, வரதராஜுலு சார் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைக் கழற்றுகிறார், அப்போது நான் பேசுகிறேன், முந்தின நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தவன், சார், தப்பு மிஷின் மேல இல்லீங்க, இந்தப் புள்ள மேலயும் இல்லீங்க, எம்மேலதானுங்க, வலமாச் சுத்தோணும்னு நாஞ் சொல்லிக் குடுத்தேன், எடமாச் சுத்துனா அடைக்காதுங்க, பாத்துட்டு அனுப்புங்க, என்றேன், சார் பேனாவை மூடவில்லை, இத்தனை நாள் எங்க போச்சு இந்த ஞானம் என்றார், வியாழக்கிழமதானுங்க வந்துச்சு, நேத்து பூரா மறச்சு வெச்சிருந்தேனுங்க என்றேன், சரி, ஓட்டிக் காட்டச் சொல்லுங்க அந்தம்மாவை என்றார். சாந்தாமணி ஓர் அடி பின்னால் போனாள், நான் மாட்டேனுங்கண்ணா, நீங்கதான சொன்னீங்க குத்தமாயிரும்னு, எனக்கு ஒத்தப் புள்ள, வேல போனாப் போகுதுங்க, கண்ணில் உண்மையான பயம், நான் ஊட்டிய பயம், குத்தமாயிரும் என்று சொன்ன அதே வாயால் இப்போது அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள், அதனால் நானே போய் இருக்கையில் உட்கார்ந்தேன், ஸ்பிரிங் என்னை ஒருமுறை தூக்கிப் போட்டது, கயிற்றோரம் போய்ச் சக்கரத்தை இடப்பக்கம் ஒடித்தேன்.

இடமாகச் சுற்றும்போது ஊரே வேறு வரிசையில் வருகிறது, இருபத்தாறு வருடம் தண்ணீர்த் தொட்டி, பிறகு வேப்பமரம், பிறகு புகைபோக்கி, இப்போது புகைபோக்கி முதலில் வந்து நிற்கிறது, அடுத்தது மரம், மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய பொந்து இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது, முதுகில் தண்ணீர் வழிகிறது, வேர்வைதான், எனக்குத் தெரியும் அது வேர்வைதான், முதல் சுற்றில் நொய்யல் கரை வருகிறது, விறகு, புகை, மச்சினன் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுகிறான், இரண்டாவது சுற்றில் ஆஸ்பத்திரி வருகிறது, மயிலாத்தாள் படுத்துக்கொண்டு, மைதானத்துல மழ பேஞ்சுதாங்க, புல்லு வளந்திருக்குமே, போயிட்டு வாங்க என்கிறாள், மூன்றாவது சுற்றில் கல்யாணமான புதிது, தூக்குப் போசியில் சோறு கொண்டுவந்து கயிற்றுக்கு வெளியே நிற்கிறாள், நான் வலமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், அவளைத் தாண்டிப் போகிறேன், அவள் கத்துகிறாள், என்னை விட்டுப்போட்டு அக்கட்டாலயே போறீங்களே, ஒருதரம் இக்கட்டால திரும்பி வந்தா என்னுங்க, நான் காதில் வாங்காதது போலச் சிரித்துக்கொண்டே முழுச் சுற்றையும் சுற்றித்தான் அவளிடம் போகிறேன், வலமாகச் சுற்றிச் சுற்றி இத்தனை வருடம் நான் அவளுடைய சாவுக்கு முன்னால் பூட்டுப் போட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தேன், இடமாக வந்தால் அவள் பின்னோக்கி நடந்து நடந்து இருபது வயதாகி நிற்கிறாள், இதை யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம். மிஷின் முனகவே இல்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன், மூன்று சுற்று முடிந்திருந்தது, கயிற்றோரம் ஒரு உருண்டை இல்லை, வரதராஜுலு சார் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார், லாரிக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினார், பலகையை எடுக்கச் சொல்லி.

மிஷினை நிறுத்தினேன், அவர் கிட்டே வந்து தாழ்ந்த குரலில், இது இருந்தா டிராக்டருக்கு வேலை இல்லைங்க ட்ரைவர், யோசிச்சுத்தான சொன்னீங்க என்றார், யோசிச்சுத்தானுங்க சொன்னேன் என்றேன், அவர் என் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார், நாளையிலிருந்து எட்டு மணிக்கு நான் எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது, தெரியாததில் கொஞ்சம் பயமும், இருக்கட்டும், கொஞ்சம் என்னவாக இருக்கும் என்ற ஆசையும் இருந்தது. சாந்தாமணி ஓடிவந்தாள், மூச்சிரைக்க, அண்ணா, உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே என்று என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள், ஒண்ணும் ஆவல அம்மிணி, நாஞ் சொன்னது தப்பு, நீ தெகிரியமா ஓட்டு என்றேன், அவள் நம்பினாள், என் பேச்சை அல்ல, நான் முழுதாக உட்கார்ந்திருப்பதை, அப்ப எறங்குங்கண்ணா, மூணு சுத்து ஆச்சு, மிச்சத்த நான் ஓட்டிக்கறேன், வேத்து ஊத்துது பாருங்க உங்களுக்கு என்றாள், மூணோட நிறுத்தப்படாது அம்மிணி, மூணோட நிறுத்துனா அது வேற சுத்து, இன்னும் ஒண்ணு ஓட்டீட்டு உங்கிட்டக் குடுத்தர்றேன் என்றேன், அவளுக்குப் புரிந்துவிட்டது, அவளும் யாரையாவது சுற்றியிருப்பாள் அல்லது சுற்றுவதைப் பார்த்திருப்பாள், கயிற்றுக்கு வெளியே போய் நின்றாள். நாலாவது சுற்று போனேன், இடமாகத்தான், புகைபோக்கி வந்தது, பொந்துள்ள மரம் வந்தது, நொய்யல் வரவில்லை, மயிலாத்தாளும் வரவில்லை, வெயில் ஏறியிருந்தது, புல் வெட்டினேன்.